காற்று ஆகாது

பச்சைக்கல்லுக்குக் காற்று ஆகாது. செங்கல் சூளைக்கு வேலைக்கு வருகிற யாரும் முதலில் கற்றுக்கொள்கிற பாடம் இதுதான். மண்ணை மிதித்துக் குழைத்து, அச்சில் அடித்து, களத்தில் வரிசை வரிசையாக இறக்கிவைத்த ஈரக் கல்லின்மேல் காற்று ஒரு பக்கமாக அடித்தால் போச்சு. அடித்த பக்கம் சீக்கிரம் காய்ந்து இறுகும், மறுபக்கம் ஈரமாகவே கிடக்கும், இரண்டுக்கும் நடுவில் கல் வாய் பிளந்துவிடும். பிளந்த கல்லை மேஸ்திரி காலால் எத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அதனால் காற்று கிளம்புகிற மாதிரி தெரிந்தாலே களத்துப் பெண்கள் அச்சைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சாக்கையும் பாயையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கல்லை மூடி, ஓரமெல்லாம் மண்ணைப் போட்டு அழுத்திய பிறகுதான் நிமிர்வார்கள்.

அந்த ஓட்டத்தில் மிளகம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. பெற்றோர் வைத்த பேர் என்று ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்தது. சூளையில் அதை யாரும் கேட்டதுமில்லை, அவளாகச் சொன்னதுமில்லை. மகள் பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி கறுப்பாக, சின்னதாக இருந்தது. கையில் வாங்கிய நாத்தனாரின் காது கிழிகிற மாதிரி கத்தியது. "அடேயப்பா, மிளகைக் கடிச்ச மாதிரி இருக்கே!" என்றாள் நாத்தனார். அன்றிலிருந்து பிள்ளை மிளகு, பெற்றவள் மிளகம்மா.

நாத்தனாருக்கும் ஒரு பட்டம் உண்டு, ரேடியோ. காலையில் கண் விழித்தால் தொடங்குவாள், ராத்திரி கண் மூடினால்தான் நிற்கும். மிளகம்மாவோ நேர்மாறு. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அதுவே அதிகம் என்பதுபோல வாயை மூடிக்கொள்வாள். இருவரும் ஒரே மண்குவியலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கல் அறுப்பார்கள். "எங்க அண்ணி பேச வேண்டியதையும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கு. என் தொண்டை என்னத்துக்கு ஆகும்?" என்று ரேடியோ அங்கலாய்ப்பாள். மிளகம்மா மண் உருண்டையைத் தூக்கி அச்சில் 'தொப்'பென்று போடுவாள். அதுதான் பதில்.

மிளகம்மாவின் புருஷன் சூளைக்குத் தீ போடுகிறவன். தீக்காரன் என்றால் அந்த வட்டாரத்தில் ஒரு மரியாதை. சூளை எரிய ஆரம்பித்துவிட்டால் அவன் அதன் மேலிருந்து இறங்க மாட்டான். சோறு, டீ எல்லாம் மேலேதான் போகும். இத்தனை குடும்பங்கள் மாசக்கணக்கில் அறுத்த கல் உள்ளே வேகிறது. தீ ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் பாதி கருகும், பாதி வேகாது. அப்படி ஒன்று நடந்தால் யார் முகத்திலும் முழிக்க முடியாது என்று அவனே சொல்வான். சொல்லிவிட்டு நெற்றிச் சாம்பலைத் துடைத்துக்கொள்வான். துடைத்த கையிலும் சாம்பல்தான் இருக்கும்.

அந்தத் தடவை சூளை எரிந்துகொண்டிருந்தபோதுதான் மிளகுக்குச் சளி பிடித்தது. மண் வெட்டுகிற குழியில் தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்து, தானும் கல் அறுப்பதாக நினைத்துக்கொண்டு சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு வேறென்ன விளையாட்டு இருக்கிறது அங்கே? மறுநாள் மூக்கு ஒழுகியது, அடுத்த நாள் உடம்பு சுட்டது.

மிளகம்மா சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ரேடியோவையும் அழைத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் கிழக்கே இருந்த சுகாதார நிலையத்துக்கு நடந்தே போனாள். அங்கிருந்த நர்ஸ் நல்ல மாதிரிதான். ஆனால், "உங்க சூளை எங்க ஏரியா இல்லம்மா. கால்வாய் தாண்டினா மேற்கே இருக்கிற நிலையத்துலதான் பாப்பாங்க" என்றார். இருந்தாலும் மனசு கேட்காமல் ஒரு காய்ச்சல் மருந்துக் குப்பியைக் கொடுத்து அனுப்பினார். மேற்கே போனால் கதவு பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "நர்ஸ் வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க. ஆனா சூளைக்காரங்க கிழக்கேதான் போவாங்கன்னு சொல்லிக்கிட்டாங்களே" என்றார்.

"அப்போ நாங்க எந்த ஏரியாங்க?" என்று ரேடியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கிழக்கேயும் இல்ல, மேற்கேயும் இல்ல. அந்தரத்துல தொங்கிக்கிட்டா கல் அறுக்கிறோம்?"

கடைக்காரர் பாவம், அவர் என்ன செய்வார்! இரண்டு பெண்களும் வந்த வழியே திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு மிளகம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். களத்துக்கு ஓரமாக, காற்று வராத பக்கம் பார்த்து, அடுக்கிவைத்த கல்லுக்குப் பின்னால் ஒரு குழிவு இருந்தது. அங்கே சாக்கை விரித்து, பிள்ளையைப் பழைய துணியில் சுற்றி, அதன்மேல் ஒரு துண்டு, அதன்மேல் போர்வை, காதை மறைத்து ஒரு தலைக்கட்டு என்று பொதிந்து படுக்கவைத்தாள். முகம் மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெளியே தெரிந்தது. பச்சை உடம்பு. பச்சைக்கல்லுக்கே ஆகாத காற்று பச்சைப் பிள்ளைக்கு ஆகுமா? சூளையில் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். போகிற வருகிற பெண்களும் குனிந்து பார்த்து, போர்வை விலகியிருந்தால் இழுத்துச் செருகிவிட்டே போனார்கள்.

அன்றைக்குக் காலையிலிருந்து மிளகு சிணுங்கவே இல்லை. முந்தின நாளெல்லாம் இருமி, அழுது, மூக்கைத் துணியில் தேய்த்துப் பாடாய்ப் படுத்தியவள் அமைதியாகக் கண் மூடிக் கிடந்தாள். மிளகம்மாவுக்கு மனசு லேசானது. தூங்குகிறாள், தூங்கட்டும், தூக்கத்தில்தான் உடம்பு தேறும் என்று ஒரு வரிசை கல்லை அறுத்து முடித்தாள்.

"என்ன அண்ணி, உங்க மக வாயை அடகு வச்சிட்டாளா? சத்தத்தையே காணோம்" என்றாள் ரேடியோ.

"தூங்குறா."

"இவ்வளவு நேரமா?"

மிளகம்மாவின் கை அச்சின்மேல் நின்றது. கையை வாளித் தண்ணீரில் முக்கிக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள்.

பிள்ளையை மடியில் எடுத்துப் பால் கொடுக்கப் பார்த்தாள். மிளகு வாயை வைத்தாள், விட்டாள். மறுபடி வைத்தாள், விட்டாள். பிறகு வைக்கவே இல்லை. உதட்டோரம் பால் வழிந்து போர்வைக்குள் இறங்கியது. கஞ்சித் தெளிவைக் கரண்டியில் எடுத்து ஊட்டினாள். அதுவும் அப்படியே வழிந்தது. காய்ச்சலோ, பல் முளைக்கிற அவஸ்தையோ, எது வந்தாலும் பாலை விடாத பிள்ளை இது. பசி வந்தால் அம்மாவின் கையிலிருக்கிற மண்ணோடு சேர்த்தே கடிக்கிற பிள்ளை.

மிளகம்மா பிள்ளையை அப்படியே வாரிக்கொண்டு சூளைக்கு அடியில் போய் நின்று அண்ணாந்தாள்.

"என்னங்க! பிள்ளை பால் குடிக்கல. நான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

மேலே புகைக்குள்ளிருந்து தீக்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன சொல்ற? குடிக்கலையா? மிளகா?" என்று கேட்டவன் அவசரமாக ஏணியில் பாதி தூரம் இறங்கிவிட்டான். "இரு, நானும் வரேன்."

"தீயை யாரு பாக்கிறது?"

அவன் ஏணியிலேயே நின்றான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாம்பல் முகத்தில் கண்ணீர் இறங்கிய தடம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

"நீங்க இருங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள் மிளகம்மா. சொல்லிவிட்டு அவன் ஏறினானா இறங்கினானா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி நடந்தாள்.

மேஸ்திரி குறுக்கே வந்தார். "சாயங்காலம் வண்டி சும்மா போகும், அதுல போயேன். இப்போ லோடு ஏத்தியாச்சு. மேகம் வேற மூட்டமா இருக்கு, உன் கல்லு அவ்வளவும் களத்துல கிடக்குதே, மழை வந்தா என்ன பண்ணுவ?"

"கரையட்டும்" என்றாள் மிளகம்மா.

ஒரே வார்த்தைதான். மேஸ்திரி வழியை விட்டு ஒதுங்கினார். பக்கத்து மண்குவியலில் இருந்த பெண்கள் அதைக் கேட்டுவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு மிளகம்மாவின் கல்வரிசையை நோக்கி ஓடினார்கள். தங்கள் கல் அங்கேயே திறந்துதான் கிடந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. என்ன மனசு அவர்களுக்கு!

லாரி கிளம்பத் தயாராக நின்றது. டிரைவருக்குச் சூளையில் சொட்டு அண்ணன் என்று பேர். டீசலில் ஒரு சொட்டைக்கூட வீணாக்க மாட்டார். இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு லாரியைச் சும்மா உருட்டுவார். முன்னால் போகிற மாடு நகர்கிற வரைக்கும் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். ஹாரன் எதில் ஓடுகிறது, டீசலிலா என்று ரேடியோ கேட்டதற்கு, "எல்லாம் கடைசியில டீசல்தான்" என்று பதில் சொன்ன மனுஷன்.

"கல்லு வண்டியில ஆளை ஏத்தக் கூடாதும்மா, மொதலாளி..." என்று ஆரம்பித்தவர் மிளகம்மாவின் முகத்தைப் பார்த்தார். "ஏறுங்க. ஏறுங்கன்றேன்ல! இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

ரேடியோவும் ஏறிக்கொண்டாள். மிளகம்மா சன்னல் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். காற்று ஆகாது. இன்ஜின் சூடு ஒரு பக்கம், மழைக்கு முந்தின இறுக்கம் ஒரு பக்கம், நாலு பேருடைய மூச்சு ஒரு பக்கம் என்று உள்ளே புழுங்கியது. சொட்டு அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு வழியில் வந்த இறக்கம் எதிலும் அவர் இன்ஜினை அணைக்கவில்லை. ரேடியோ அதைக் கவனித்தாள். வாய் வரைக்கும் வந்த கேலியை முதல் தடவையாக விழுங்கினாள்.

டவுன் ஆஸ்பத்திரி சின்னதுதான். ஒரு நீளக் கூடம், இரண்டு வார்டு, ஒரு பிரசவ அறை. கூடத்தில் பெஞ்சு கொள்ளாமல் தரையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் மடியில் பிள்ளைகள். ஒன்று கத்தியது, ஒன்று வாந்தி எடுத்தது, ஒன்று காதைப் பிடித்துக்கொண்டு உருண்டது. மேசைக்குப் பின்னாலிருந்த ஆள் நிமிராமல், "எந்த ஏரியா?" என்றார்.

"புழுதி ஏரியா!" என்றாள் ரேடியோ. "அண்ணே, முதல்ல பிள்ளையைப் பாருங்க, அப்புறம் ஏரியாவைப் பாருங்க. பாலே குடிக்க மாட்டேங்குது."

அந்த ஆள் எட்டிப் பார்த்தார். பொதிக்குள்ளிருந்து ஒரு சின்ன முகம், மூடிய கண். "தூங்குதும்மா. அழுகிற பிள்ளைங்க இத்தனை இருக்கு. உக்காருங்க, கூப்பிடுவாங்க."

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. பார்த்தவர் யாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. கத்துகிற பிள்ளைகளுக்கு நடுவில் நல்ல பிள்ளையாகத் தூங்குகிற பிள்ளை. ரேடியோ மேசைக்கு முன்னால் நின்று சண்டை போட்டாள். சண்டை போடுகிறவர்கள் அங்கே தினமும் வருகிறார்கள் போலிருக்கிறது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிளகம்மா சுவரோரம் உட்கார்ந்து, கதவு வழியாக வந்த காற்றுக்குத் தன் முதுகைக் கொடுத்துப் பிள்ளையை மறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சிஸ்டர் அந்த வழியாக வந்தார். குட்டையான உருவம், தேய்ந்த ரப்பர் செருப்பு, நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு வேகம். கையில் மருந்துத் தட்டு. மிளகம்மாவைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பி வந்தார்.

"ஏம்மா, ஊரெல்லாம் வெந்துகிட்டு இருக்கு, பிள்ளையை ஏன் இப்படி மூட்டை கட்டி வச்சிருக்கே?"

"காய்ச்சலுங்க. காத்து ஆகாது."

"அவிழு பாப்போம்."

"கதவு திறந்திருக்குங்க. காத்து படும்."

"காத்துதான்மா பிள்ளைக்கு வேணும். அவிழு."

மிளகம்மா கையால் பொதியை இறுக்கிக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக அப்படிச் செய்தது. சிஸ்டர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவள் முன்னால் குந்தினார். போர்வையை எடுத்தார், துண்டை எடுத்தார், உள்ளே இருந்த துணியின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

மிளகின் நெஞ்சு வெளியே தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே உடம்பு குழி விழுந்து உள்ளே போயிற்று. வெளியே வந்தது, அதற்குள் மறுபடி உள்ளே போயிற்று. அவ்வளவு வேகம். நிம்மதியாகத் தூங்குகிற முகத்துக்குக் கீழே, அந்தச் சின்ன உடம்பு ஒரு வாய்க் காற்றுக்காகத் தனியாகப் போராடிக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாகவோ! யாருக்கும் தெரியாமல்.

"ஐயோ" என்றாள் ரேடியோ.

சிஸ்டர் பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். மருந்துத் தட்டு தரையிலேயே கிடந்தது. ஓடிக்கொண்டே, "டாக்டரைக் கூப்பிடுங்க, நிமோனியா, மூச்சு இழுக்குது!" என்று கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. அவ்வளவு நேரமும் இடம் விடாமல் உட்கார்ந்திருந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.

டாக்டர் அங்கே ஒருத்தர்தான். பிரசவ அறையிலிருந்து கையை உதறிக்கொண்டே வந்தார். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், ஊசி மருந்தைச் சொன்னார், சிஸ்டர் அதற்குள் மருந்தை உறிஞ்சித் தயாராக வைத்திருந்தார். மூலையில் இருந்த ஒரு பெட்டியை இழுத்து வந்து சுவிட்சைப் போட்டார்கள். காற்றிலிருந்தே நல்ல காற்றைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் அது. அதிலிருந்து வந்த மெல்லிய குழாயை மிளகின் மூக்கில் செருகி, கன்னத்தில் பட்டை ஒட்டினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உதட்டில் இருந்த சாம்பல் நிறம் லேசாக மாறியது. அதுவரைக்கும் அது சூளைச் சாம்பல் என்றுதான் மிளகம்மா நினைத்திருந்தாள்.

"நான்தான் மூடி வச்சேன்" என்றாள் அவள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன். முகத்தைத்தான் பாத்தேன். நெஞ்சை நானே மூடி வச்சிட்டேன்."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "பால் குடிக்கலைன்னு எப்போ தெரிஞ்சுது?"

"காலையில."

"உடனே தூக்கிட்டு வந்தியா?"

"ஆமா."

"சாயங்காலம் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்திருந்தா எனக்கு இங்க வேலையே இருந்திருக்காது. அழாத பிள்ளை, குடிக்காத பிள்ளை, நெஞ்சு குழி விழுற பிள்ளை. இதுல ஒண்ணு இருந்தாலும் ஓடி வரணும். நீ ஒண்ணைப் பாத்துட்டே ஓடி வந்தே. போ, போய் முகத்தைக் கழுவிட்டு வா. பாப்பாவுக்கு உன்னை அடையாளம் தெரிய வேணாமா?"

மிளகம்மா முகம் கழுவப் போகவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். இப்போது பிள்ளையின் நெஞ்சைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்து, மழை கொட்டத் தொடங்கியது. ஒரு இடி இடித்தது. விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. பெட்டியின் உறுமலும் நின்றுபோயிற்று.

அந்த அமைதியில் மிளகம்மாவுக்கு உயிரே போய்விட்டது.

சிஸ்டர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அலமாரியிலிருந்து முகமூடி வைத்த ஒரு ரப்பர் பையை எடுத்து மிளகின் மூக்கிலும் வாயிலும் பொருத்தி, பையை அமுக்கினார். விட்டார். அமுக்கினார். "தலையை இப்படிப் பிடிச்சுக்க. அசையக் கூடாது" என்று மிளகம்மாவிடம் சொன்னார். வார்டுப் பையனை ஜெனரேட்டருக்கு அனுப்பினார். போனவன் திரும்பி வந்து, "சிஸ்டர், டீசல் அடியில கொஞ்சம்தான் இருக்கு, இழுக்க மாட்டேங்குது. நாளைக்குத்தான் வரும்னாங்க" என்றான்.

"சிலிண்டர்?"

"இருந்த ஒண்ணு காலையில ஆம்புலன்ஸோட போயிடுச்சு."

சிஸ்டர் பையை அமுக்கிக்கொண்டே பல்லைக் கடித்தார். "யாராவது எங்கேயாவது போய் டீசல் வாங்கிட்டு வாங்க. எனக்குக் கை ஓயற வரைக்கும் நேரம் இருக்கு. என் கை சீக்கிரம் ஓயாது."

ரேடியோ அப்போது வாசலைத் தாண்டிவிட்டாள். மழையில் தெருமுனையில் லாரி நின்றுகொண்டிருந்தது. கல்லை இறக்கிவிட்டு எப்போதோ திரும்பியிருக்க வேண்டிய மனுஷன், பிள்ளை சேதி தெரியாமல் கிளம்ப மனசு வராமல் ஸ்டியரிங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, டீசல்!"

"என்ன டீசல்?"

"ஆஸ்பத்திரிக்கு! கரண்டு போயிடுச்சு. மெஷின் நின்னுபோச்சு. அண்ணே, உங்களைக் கும்பிடுறேன், ஒரு கேன்..."

சொட்டு அண்ணன் அவளை முடிக்க விடவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குழாயையும் இரண்டு காலிக் கேன்களையும் உருவினார். மழையில் குதித்து, டேங்க் மூடியைத் திறந்து, குழாயை உள்ளே விட்டு வாயால் இழுத்தார். வாய் நிறைய வந்த டீசலைத் துப்பினார். கேன் நிறைந்தது. ரேடியோ தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த கேன் நிறைந்தது. அதை அவரே தூக்கிக்கொண்டு ஓடினார். வயிறு முன்னால் ஆட, செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொள்ள, அதை எடுக்கக் குனியாமல் ஓடினார்.

ஜெனரேட்டர் இருமி, திணறி, பிறகு பிடித்துக்கொண்டது. பெட்டி மறுபடியும் உறுமியது. அப்போதுதான் சிஸ்டர் பையிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இன்னொரு கையால் ஒவ்வொரு விரலாக நீட்டிவிட்டுக்கொண்டார்.

சொட்டு அண்ணன் வார்டு வாசலில் நின்று, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கினார். "கரண்டு வர்ற வரைக்கும் போதுமா சிஸ்டர்? டேங்க்ல இன்னும் இருக்கு."

"உங்க வண்டி ஊர் போய்ச் சேர வேணாமா?" என்றார் சிஸ்டர்.

"அது எங்க போயிடப் போகுது? அங்கேயே நிக்கட்டும்."

அவர் வாயிலிருந்து அடித்த டீசல் வாடை வார்டு முழுக்கப் பரவியது. அன்றைக்கு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

பிறகு வந்த நாட்கள் மெதுவாகப் போயின. காய்ச்சல் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. நெஞ்சில் விழுந்த குழி கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறைந்தது. சிஸ்டர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் ஒரு தடவை வந்து சட்டையைத் தூக்கிப் பார்ப்பார், வேலைக்கு வரும்போதும் கைப்பையை வைப்பதற்கு முன்னால் வந்து பார்ப்பார். டாக்டர் வந்தால் மிளகின் உள்ளங்காலைச் சுரண்டுவார். முதல் நாள் கால் அசையவில்லை. ஒரு நாள் அசைந்தது. ஒரு நாள் அவர் கையிலேயே உதைத்தது. "சரியான ஆள்தான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். ரேடியோ பழையபடி வாயைத் திறந்து, வார்டில் இருந்த தாய்மார் எல்லாருக்கும் அழாத பிள்ளை, குடிக்காத பிள்ளை, குழி விழுற நெஞ்சு என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, "உன்னை நான் வேலைக்கு வச்சுக்கிறேன்டி. மைக் செலவு மிச்சம்" என்றார்.

மிளகம்மா அத்தனை நாளும் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கினாள், உட்கார்ந்தே சாப்பிட்டாள். அழுகை எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் சிஸ்டர் வந்து மூக்குக் குழாயை எடுத்தார். எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று வெகுநேரம் பார்த்தார். மிளகு தானாக மூச்சு விட்டாள். பிறகு பாலும் குடித்தாள். "இனி மெஷின் வேணாம். பக்கத்து வார்டுல ஒரு குட்டிப் பையன் வந்திருக்கான், அவனுக்கு வேணும்" என்று பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். கட்டில் விரிப்பையும் துவைக்க எடுத்துக்கொண்டு, "வேற விரிப்பு போடுற வரைக்கும் பாப்பாவைப் பின்பக்கம் தூக்கிட்டுப் போய்க் கொஞ்சம் காத்து காட்டு" என்றார். ரேடியோ டீ வாங்கப் போயிருந்தாள். மிளகம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கத்து வராண்டாவில் போய் நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தீக்காரன் வந்தான்.

சூளை வெந்து முடிந்து, வாயை அடைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல், கிடைத்த வண்டியில் தொற்றி வந்திருந்தான். கூடத்தில் விசாரித்து, வார்டைக் கண்டுபிடித்து, கடைசிக் கட்டில் என்று யாரோ கை காட்ட அங்கே போய் நின்றான். விரிப்பு இல்லாத வெறும் கட்டில். மெஷின் என்று சொன்னார்களே, அது இல்லை. பெண்டாட்டி இல்லை. தங்கச்சி இல்லை. கட்டிலின் கம்பியில் மிளகின் மூக்கிலிருந்து எடுத்த சின்னக் குழாய் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

மிளகம்மா வராண்டாவிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். முதலில் அது யார் குரல் என்றே தெரியவில்லை. மனுஷக் குரல் மாதிரியே இல்லை. "என் தங்கமே, உன்னைப் பாக்காமப் போயிட்டேனே, தீயைக் கட்டிக்கிட்டு இருந்தேனே பாவி" என்று வார்த்தைகள் வந்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரிகள், "இல்லங்க, இல்லங்க, பின்னால இருக்காங்க" என்று கத்தினார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. தலையைக் கட்டில் கம்பியில் மோதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

அவள் உடனே கூப்பிட்டிருக்கலாம். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று அந்த ஓலத்தைக் கேட்டாள். அவள் அன்றைக்கு இன்னும் ஒரு வரிசை கல்லை அறுத்துவிட்டு எழுந்திருந்தால், இந்தச் சத்தம் அவள் வாயிலிருந்துதான் வந்திருக்கும். சூளை முழுக்கக் கேட்டிருக்கும். அது அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. இத்தனை நாள் அடைத்திருந்தது உடைந்துகொண்டு வந்தது. அழுதுகொண்டே உள்ளே போய் அவன் முன்னால் நின்றாள்.

"இந்தாங்க" என்றாள்.

தீக்காரன் நிமிர்ந்தான். மிளகைப் பார்த்தான். பார்த்த பிறகும் அவனால் அழுகையை நிறுத்த முடியவில்லை. கையை நீட்டினான், அந்தக் கைச் சாம்பலைப் பார்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான், மறுபடி நீட்டினான். "இருக்காளா? இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சாம்பலும் கண்ணீரும் குழைந்து கிடந்த அந்த முகத்தைப் பார்த்து மிளகு மிரண்டாள். உதட்டைப் பிதுக்கினாள். நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தாள். எங்கேயும் குழி விழவில்லை. இழுத்த மூச்சு அவ்வளவையும் சேர்த்து, அப்பாவும் அம்மாவும் அழுததற்கு மேலே ஒரு பங்கு கூடவே கத்தினாள்.

சிஸ்டர் பக்கத்து வார்டிலிருந்து ஓடி வந்தார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

"மூணு பேரும் வெளியே போய் அழுங்க. இங்க மத்த பிள்ளைங்க தூங்குதுங்க."